வேலை மாறுகிறவர்களும் இடம் மாறும் பசுமை அறிவும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவாக ஆற்றிய உரை. அச்சுக்காகச் சில கிளைப்பேச்சுகள் நீக்கப்பட்டுள்ளன.)



சுற்றுச்சூழலைப் பற்றிப் பேச ஒரு பொருளியல் ஆசிரியனை அழைத்தால் அவன் கார்பன் வரி, மானியம், காப்புரிமை என்றுதான் தொடங்குவான். அவை மூன்றையும் இன்று ஓரமாக வைத்துவிடுகிறேன். வேலையை விட்டுப் போகிறவர்களைப் பற்றிப் பேசப்போகிறேன்.

என் வாதம் இதுதான். மாசு குறைக்கும் தொழில்நுட்பம் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது பெரும்பாலும் ஆள் வழியாகத்தான். அதிலும் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்கள் மாறும்போது அது வேகமாகப் போகிறது. அவர்கள் கொண்டுபோகும் சரக்கில் அதிக மதிப்புள்ளது, எதெல்லாம் சரிப்பட்டு வராது என்ற பட்டறிவு. ஆகவே யார் எப்போது எங்கே வேலைக்குப் போகலாம் என்பதைத் தீர்மானிக்கும் சட்டத்தையும் நாம் சுற்றுச்சூழல் கொள்கையின் கணக்கில் சேர்க்க வேண்டும். சான்றுகளை மின் வாகனம், பேட்டரி என்ற ஒரே வயலிலிருந்து எடுக்கிறேன். அங்கே நடந்தவை நீதிமன்ற ஆவணங்களிலும் செய்திகளிலும் திறந்து கிடக்கின்றன என்பதுதான் காரணம்.

1

முதலில் காப்புரிமையின் எல்லை. ராபின் செங் என்று உலகம் அறிந்த செங் யூசுன், ஜப்பானின் டிடிகே குழுமத்தைச் சேர்ந்த எஸ்ஏஇ மேக்னடிக்ஸ் நிறுவனத்தின் சீனாவிலுள்ள டாங்குவான் ஆலையில் பொறியாளராக இருந்தவர். கணினி வட்டுகளுக்கான காந்த முனைகள் செய்யும் ஆலை அது. 1999-இல் அங்கிருந்த மேலதிகாரிகள் சிலருடன் சேர்ந்து ஏடிஎல் என்ற பேட்டரி நிறுவனத்தைத் தொடங்கினார். புகழ்பெற்ற பெல் ஆய்வகத்திடமிருந்து பாலிமர் லித்தியம் பேட்டரிக்கான காப்புரிமை உரிமத்தை விலை கொடுத்து வாங்கினார்கள். தாளில் உள்ளபடியே செல் செய்தார்கள். பலமுறை சார்ஜ் ஏற்றி இறக்கியதும் செல்கள் உப்பிக்கொண்டன. விற்றவர்களிடம் அதற்கு விடை இருக்கவில்லை. மின்பகுபொருளின் கலவையைத் தாங்களே மாற்றி மாற்றிப் பார்த்து, ஏடிஎல்காரர்கள் உப்பலை அடக்கினார்கள். அந்தக் கைப்பழக்கம் 2005-இல் ஏடிஎல்லை டிடிகே வாங்கியபோது அதனோடு போனது. 2011-இல் செங் தன் சொந்த ஊரான நிங்டேயில் சிஏடிஎல் தொடங்கியபோது அவரோடும் வந்தது. இன்று உலகத்திலேயே அதிகமாக மின்வாகன பேட்டரி செய்யும் நிறுவனம் அது.

2014 ஜூனில் டெஸ்லா தன் காப்புரிமைகளை நல்லெண்ணத்தோடு பயன்படுத்துவோர்மீது வழக்குப் போடமாட்டோம் என்று அறிவித்தது. நிறையக் கைதட்டல். 2019-இல் டொயோட்டா ஏறக்குறைய 24,000 கலப்பின வாகனக் காப்புரிமைகளைக் கட்டணமின்றித் திறந்தது. அந்த அறிவிப்பின் இன்னொரு பாதியைப் பலர் கவனிக்கவில்லை. அந்தக் காப்புரிமைகளைக் கொண்டு வண்டி செய்ய விரும்புவோருக்குத் தொழில்நுட்ப உதவியும் தருவோம், அதற்குக் கட்டணம் உண்டு என்றது டொயோட்டா. தாள் இலவசம், ஆளுக்குக் காசு. எதற்கு விலை உண்டு என்பது அந்த நிறுவனத்துக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. பொருளியலாளர் கென்னத் ஆரோ 1962-லேயே இதைத் தொட்டிருக்கிறார்: ஆட்கள் நிறுவனம் விட்டு நிறுவனம் போவது தகவல் பரவும் ஒரு வழி என்று.

2

அப்படியானால் ஆள் கொண்டுபோவது என்ன? இதில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன்.

1990-இல் லாஸ் ஏஞ்சலிஸ் கண்காட்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் 'இம்பாக்ட்' என்ற மின்காரைக் காட்டியது. அதை அவர்களுக்காக உருவாக்கியது ஏரோவைரன்மென்ட் என்ற சிறு நிறுவனம். அந்தக் காரின் இன்வெர்ட்டரை வடிவமைத்தவர் ஆலன் கக்கோனி. அதுதான் பின்னர் ஈவி1 ஆகி, 1996-இல் குத்தகைக்கு விடப்பட்டு, 1999-இல் உற்பத்தி நின்று, கடைசியில் பெரும்பாலான கார்களும் நொறுக்கப்பட்ட கதை. கார்கள் நொறுங்கின. கக்கோனியின் மூளை நொறுங்கவில்லை. 1992-இலேயே அவர் ஏசி புரொபல்ஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். அங்கே 'டிஜீரோ' என்ற ஸ்போர்ட்ஸ் கார் உருவானது. முதலில் ஈய-அமில பேட்டரி, 2003-இல் மடிக்கணினிகளில் போடும் சிறு லித்தியம் செல்கள். அந்தக் காரை ஓட்டிப் பார்த்தவர்கள்தான் டெஸ்லாவைத் தொடங்கினார்கள், பணம் போட்டார்கள். ஏசி புரொபல்ஷனிடம் உரிமம் வாங்கியே முதல் ரோட்ஸ்டர் 2008-இல் வெளிவந்தது. அதில் 6,831 சிறு செல்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1990-இல் காட்டிப் பின்னர் கைவிட்டது, காட்டிய பதினெட்டு ஆண்டு கழித்து இன்னொரு பெயரில் சாலைக்கு வந்தது. நடுவில் இருந்த பாலம் ஒரு சிலரின் நினைவு.

டெஸ்லாவிலிருந்து வெளியே போனவர்களையும் பாருங்கள். மாடல் எஸ் காரின் தலைமைப் பொறியாளர் பீட்டர் ராலின்சன், ஜாகுவார், லோட்டஸ் வழியாக 2009-இல் டெஸ்லாவுக்கு வந்தவர். 2012-இல் விலகி மறு ஆண்டு அட்டீவாவில் சேர்ந்தார். அதுதான் இன்றைய லூசிட். அட்டீவாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான பெர்னார்ட் ட்ஸேயும் டெஸ்லாவில் துணைத் தலைவராக இருந்தவரே. 2021-இல் லூசிட் ஏர் காருக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை ஒரு சார்ஜில் 520 மைல் என்று சான்று தந்தது. டெஸ்லாவின் எந்தக் காரும் அன்று அந்த எண்ணைத் தொட்டிருக்கவில்லை. சீடர் குருவை மிஞ்சினார் என்று பத்திரிகைகள் எழுதின. எனக்கு அது சரியான சித்திரமாகப் படவில்லை. முதல் காரில் தவிர்க்க முடியாமல் செய்துகொண்ட சமரசங்களின் பட்டியல் மனத்தில் இருக்கும் ஒருவருக்கு, இரண்டாவது முறை வெற்றுத் தாளில் தொடங்க வாய்ப்புக் கிடைத்தது. அவ்வளவுதான்.

ஜே.பி. ஸ்ட்ராபல் இன்னும் தெளிவான சான்று. டெஸ்லாவின் தொழில்நுட்பத் தலைவர். 2017-இல் ரெட்வுட் மெட்டீரியல்ஸ் என்ற மறுசுழற்சி நிறுவனத்தைத் தொடங்கி, 2019-இல் டெஸ்லா பதவியை விட்டார். பழைய பேட்டரி வந்து குவிய இன்னும் பத்தாண்டு ஆகும் என்று மற்றவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, அவருக்கு ஆலைக்குள் இருந்தவரின் கணக்குத் தெரியும்: பேட்டரி ஆலை ஓடத் தொடங்கிய நாளிலிருந்தே கழிவு கொட்டும். நெவாடாவில் டெஸ்லாவோடு சேர்ந்து செல் செய்யும் பானாசோனிக்கின் உற்பத்திக் கழிவு அவருடைய தொடக்கக்காலச் சரக்காயிற்று.

அந்தக் கழிவு ஏன் அவ்வளவு வருகிறது என்பதைச் சொன்னால்தான், ஆள் கொண்டுபோகும் அறிவு எப்படிப்பட்டது என்பது விளங்கும். செல்லின் எதிர்மின்முனைக்குத் தாமிரத் தகடு வேண்டும். பத்து மைக்ரானுக்கும் குறைவான தடிமன். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அதன்மேல் கிராஃபைட் குழம்பைப் பூசி, நீண்ட அடுப்பு வழியாக ஓடவிட்டு, உருளைகளுக்கு இடையே அழுத்துகிறார்கள். குழம்பு ஒரு விளிம்பில் கொஞ்சம் கனத்தால் தகடு சுருங்கும். அடுப்பு வேகமாகக் காயவைத்தால் பூச்சு வெடிக்கும். அறைக் காற்றில் ஈரம் மிஞ்சினால் மின்பகுபொருளிலுள்ள உப்பு அதோடு வினைபுரிந்து ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் உண்டாகி செல்லை உள்ளிருந்தே அரிக்கும். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் டன் கணக்கில் கெடுத்துத்தான் கற்றிருக்கிறார். எந்த வேகத்தில், எந்தச் சூட்டில், எந்த விற்பனையாளரின் இயந்திரத்தில் கெடும் என்பது காப்புரிமை ஆவணத்தில் இராது. காப்புரிமை வெற்றியை மட்டுமே பதிவு செய்யும். தோல்விகளுக்கு அலுவலகப் பதிவேடு கிடையாது. அவை ஆட்களிடம்தான் இருக்கின்றன.

3

மேலாளர்களும் இயக்குநர்களும் பொறியியல் நுணுக்கத்தைவிட வேறொன்றைக் கொண்டுபோகிறார்கள்: பணத்தை எங்கே திருப்புவது என்ற முடிவு.

ஹெர்பர்ட் டீஸ் பிஎம்டபிள்யூவில் முதலில் கொள்முதலுக்கும் பிறகு வளர்ச்சிப் பிரிவுக்கும் பொறுப்பான குழு உறுப்பினர். 2013-இல் அந்த நிறுவனம் ஐ3 என்ற மின்காரை, விலையுயர்ந்த கார்பன் இழை உடலோடு கொண்டுவந்தது. 2015 ஜூலையில் டீஸ் ஃபோக்ஸ்வாகனுக்கு மாறினார். செப்டம்பரில் அந்த நிறுவனத்தின் டீசல் புகை மோசடி வெடித்தது. அக்டோபர் 13 அன்று, அவர் தலைமையிலிருந்த ஃபோக்ஸ்வாகன் பிரிவு மின்கார்களுக்கென்றே எம்இபி என்ற பொது அடித்தளத்தை உருவாக்கப்போவதாக அறிவித்தது. மோசடி இல்லாவிட்டால் அந்த முடிவு அவ்வளவு சுலபமாக நிறைவேறியிருக்காது என்பது உண்மை. ஆனால் அந்த நெருக்கடியில் மேசையைச் சுற்றி இருந்தவர்களில், ஒரு மின்காரைச் சந்தைக்குக் கொண்டுவந்து அதன் செலவுக் கணக்கையும் பார்த்தவர் வெளியிலிருந்து வந்த அவர். எம்இபி கார்களில் கார்பன் இழை உடல் இல்லை, சாதாரண எஃகுதான். அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

பிஎம்டபிள்யூவில் ஐ3, ஐ8 கார்களை உருவாக்கிய குழுவின் மற்றவர்கள் ஃபாரடே, பைட்டன், கனூ என்று புது மின்கார் நிறுவனங்களுக்குச் சிதறினார்கள். அந்த நிறுவனங்களில் பல தடுமாறின. டீஸும் மென்பொருள் தாமதங்களுக்கும் தொழிற்சங்கத்தோடு வந்த பூசல்களுக்கும் நடுவே 2022-இல் பதவி இழந்தார். எம்இபி நிற்கிறது.

4

இங்கே உங்களில் சிலர் முகத்தில் ஓர் ஐயம் தெரிகிறது. ஒரு பெரிய ஆளைக் கொத்திக்கொண்டு வந்தால் போதுமா? போதாது. ஸ்வீடனின் நார்த்வோல்ட்டைப் பாருங்கள்.

பீட்டர் கார்ல்சன் டெஸ்லாவில் விநியோகச் சங்கிலிக்குப் பொறுப்பான துணைத் தலைவர். 2015-இல் விலகி, மறு ஆண்டு நார்த்வோல்ட்டைத் தொடங்கினார். சுமார் 1,500 கோடி டாலர் திரட்டினார். ஸ்வீடனின் வடபகுதியில் ஷெலெஃப்தியோ என்ற ஊரில், நீர்மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் ஆலை எழுந்தது. 2021 டிசம்பரில் முதல் செல் வந்தது. 2023-இல் அதன் உற்பத்தி, திட்டமிட்ட 16 கிகாவாட்-மணித் திறனில் நூற்றில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. 2024-இல் பிஎம்டபிள்யூ 200 கோடி யூரோ ஆர்டரை ரத்து செய்தது. 2025 மார்ச்சில் ஸ்வீடனில் திவால் மனு.

கார்ல்சனுக்கு செல் வாங்கத் தெரியும், அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று தெரியும், முதலீட்டாளரிடம் பேசத் தெரியும். செல்லை வார்க்கும் பழக்கம் பானாசோனிக்கின் ஆட்களிடம் இருந்தது. இயந்திரங்கள் சீனாவிலிருந்து வந்தன, வல்லுநர்கள் ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வந்தார்கள், வேலையாட்களோ உலகத்தின் நாலாபக்கத்திலிருந்தும். வேரில் ஒட்டிய மண்ணோடு பிடுங்கி நட்டால்தான் நாற்று பிடிக்கும். ஷெலெஃப்தியோவில் ஒவ்வொரு வேரும் வெவ்வேறு வயலிலிருந்து கழுவித் துடைத்து வந்தது. சிஏடிஎல்லில் அப்படியில்லை; ஒரே ஆலையில் பத்தாண்டு சேர்ந்து கெடுத்துக் கற்ற குழு நகர்ந்தது. இடம் மாறுவது தலைவரா, குழுவா என்பதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. நார்த்வோல்ட்டின் வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஒரே நேரத்தில் பல ஊர்களில் பல ஆலைகளைத் தொடங்கிய பேராசை அவற்றில் முதன்மையானது.

5

குழுவாக நகர்ந்தால் அடுத்த கேள்வி வந்துவிடும்: அது திருட்டு இல்லையா? கொரியாவில் இது வழக்காகவே வந்தது. 2019 ஏப்ரலில் எல்ஜி கெம், எஸ்கே இன்னொவேஷன்மீது அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையத்தில் புகார் கொடுத்தது. தன் பேட்டரிப் பிரிவிலிருந்து 77 பேரை எஸ்கே இழுத்துக்கொண்டது, விண்ணப்பத்திலேயே அவர்கள் செய்த திட்டங்களின் விவரங்களையும் உடன் வேலை செய்தவர்களின் பெயர்களையும் எழுதச் சொன்னது என்பது எல்ஜியின் குற்றச்சாட்டு. 2021 பிப்ரவரியில் ஆணையம் எல்ஜிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, எஸ்கேயின் பேட்டரிகளுக்குப் பத்தாண்டு இறக்குமதித் தடை விதித்தது. ஃபோர்டுக்கும் ஃபோக்ஸ்வாகனுக்கும் மட்டும் சில ஆண்டு விலக்கு.

தீர்ப்பின் அடிப்படையைக் கவனியுங்கள், சட்ட மாணவர்கள் குறிப்பாக. 77 பேர் வேலை மாறியதற்காக எஸ்கே தோற்கவில்லை. வழக்கு வரும் என்று தெரிந்ததும் ஆவணங்களை அழித்தது. அதற்குத் தண்டனையாகவே எதிராகத் தீர்ப்பு வந்தது. ஜார்ஜியா மாநிலத்தில் 260 கோடி டாலர் செலவில் எஸ்கே கட்டிக்கொண்டிருந்த ஆலை நின்றுவிடுமோ என்ற கவலை எழுந்தது. ஆணையத்தின் முடிவை ரத்து செய்ய அன்றைய அமெரிக்க அதிபர் பைடனுக்கு இருந்த கெடு முடிய ஒரு நாள்கூட இல்லாத நிலையில், ஏப்ரல் 11 அன்று, எஸ்கே 2 லட்சம் கோடி வொன் தருவதாக ஒப்புக்கொண்டது. பத்தாண்டுக்கு ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடுவதில்லை என்றும் முடிவாயிற்று.

ஆள் நடமாட்டத்துக்கு ஆதரவாகப் பேசும் நான் இந்தத் தீர்ப்பையும் ஆதரிக்கிறேன். கோப்பை எடுத்துப்போவது வேறு, கையில் ஏறிய பழக்கத்தோடு போவது வேறு. முன்னதற்கு வணிக இரகசியச் சட்டம் இருக்கிறது. பின்னதைத் தடுக்கப் புதிய வேலி எதற்கு?

6

வேலி என்றதும் சட்டத்துக்கு வருகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் டேவிட் டட்லி ஃபீல்ட் என்ற வழக்கறிஞர் நியூயார்க் மாநிலத்துக்காக ஓர் உரிமையியல் சட்ட வரைவு எழுதினார். ஒருவரைத் தன் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம், சில விலக்குகள் தவிர, செல்லாது என்று அதில் ஒரு விதி. நியூயார்க் அந்த வரைவை ஏற்கவேயில்லை. 1872-இல் கலிஃபோர்னியா அந்த விதியைத் தன் சட்டத்தில் சேர்த்தது. அதே 1872-இல், அதே வரைவைப் பின்பற்றி, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒப்பந்தச் சட்டத்திலும் அது 27-ஆம் பிரிவாக நுழைந்தது. சிலிக்கான் பள்ளத்தாக்கு ஏன் செழித்தது என்று ஆராய்ந்த ரொனால்ட் கில்சன், 1999-இல் அந்தக் கலிஃபோர்னிய விதியைக் காரணமாகக் காட்டினார். ராலின்சனும் ஸ்ட்ராபலும் யாரிடமும் அனுமதி கேட்காமல் மாற முடிந்தது அந்த விதியின் கீழ்தான். அதன் உடன்பிறப்பு நம் சட்டப் புத்தகத்திலும் இருக்கிறது!

மிச்சிகனில் தலைகீழ். 1905-இலிருந்து அங்கும் போட்டித் தடை ஒப்பந்தம் செல்லாததாக இருந்தது. 1985-இல் ஏகபோகத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தும்போது, யாரும் பெரிதாக யோசிக்காமலே அந்தப் பாதுகாப்பு நீங்கிவிட்டது. அதன்பின் அங்கே கண்டுபிடிப்பாளர்கள் வேலை மாறுவது குறைந்ததாக மார்க்ஸ், ஸ்ட்ரம்ஸ்கி, ஃப்ளெமிங் மூவரின் ஆய்வு காட்டியது. டெட்ராய்ட் மின்காரில் பிந்தியது இதனால்தான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்தக் கோணத்தில் யாராவது ஆராய்ச்சி செய்ய வேண்டும். மாணவர்களே, தலைப்பு காலியாக இருக்கிறது.

நம் 27-ஆம் பிரிவை நீதிமன்றங்கள் எப்படிப் படித்தன? 1967-இல் கோலிகாரி வழக்கு. கல்யாணில் டயர் நூல் செய்யும் ஆலை, ஹாலந்து நாட்டு நிறுவனம் தந்த தொழில்நுட்பம். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்த ஒரு ஷிப்டு மேற்பார்வையாளர் நடுவிலேயே விலகிக் கோட்டாவிலிருந்த போட்டி ஆலைக்குப் போனார். ஒப்பந்தக் காலம் முடியும்வரை போகக்கூடாது என்றது உச்ச நீதிமன்றம். வேலை முடிந்த பிறகும் தொடரும் தடை செல்லாது என்பது 1980-இல் இன்னொரு வழக்கில் தெளிவாயிற்று. ஆக, இந்தியாவில் ஒருவரைப் பணியில் இருக்கும்போது கட்டலாம், விலகிய பின் கட்ட முடியாது.

இந்த இடைவெளிக்குள்தான் நம் நிறுவனங்கள் புகுந்திருக்கின்றன. மூன்று மாத நோட்டீஸ், பயிற்சி பாண்ட், இழுத்தடிக்கும் ரிலீவிங் லெட்டர். பேட்டரிக்கான மின்சுற்று வடிவமைக்கும் என் மாணவி ஒருத்திக்கு வேறொரு நிறுவனத்தில் நல்ல வேலை கிடைத்தது. பழைய நிறுவனம் 90 நாளில் ஒரு நாளைக்கூடக் குறைக்க மறுத்தது, கடைசி வாரத்தில் ஏதோ ஒரு கணினி ஒப்படைப்பு என்று ரிலீவிங் லெட்டரை நிறுத்தி வைத்தது. புதிய நிறுவனம் காத்திருக்காமல் வேறு ஆளை எடுத்துக்கொண்டது. 27-ஆம் பிரிவு அப்படியே இருக்கிறது; அவள் நகரவில்லை.

இது நமக்குத் தூரத்து விவகாரம் இல்லை. ஓசூரில் டிவிஎஸ் மின் ஸ்கூட்டர் செய்கிறது, சென்னை ஐஐடியில் படித்தவர்கள் தொடங்கிய ஏதரும் அங்கேயே செய்கிறது. அதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓலாவின் ஸ்கூட்டர் ஆலையும் செல் ஆலையும். ஒரு பேருந்துத் தடத்தில் அடங்கிவிடும் தூரம். தோல்விகளைச் சுமந்த ஆட்கள் ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குப் போக இதைவிட வாகான இடம் இந்தியாவில் அதிகமில்லை. செல் உற்பத்திக்காக ஒன்றிய அரசு 2021-இல் 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் அறிவித்தது. மாநில அரசின் சலுகைகள் தனி.

பொதுப்பணம் வாங்கும் ஆலைகளுக்கு இரண்டு நிபந்தனை போடலாம் என்பது என் பரிந்துரை. பொறியாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் நோட்டீஸ் ஒரு மாதத்துக்கு மேல் கூடாது. ஒருவர் ஆளை ஒருவர் எடுப்பதில்லை என்று நிறுவனங்கள் தங்களுக்குள் வாய்மொழியாகக்கூட உடன்படக் கூடாது. பயிற்சிக்குச் செலவழித்தோமே, அது வீணாகலாமா என்று ஆலைக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். யாருக்கு எந்தப் பயிற்சி, எவ்வளவு செலவு, அதில் எவ்வளவு மானியத்திலிருந்து வந்தது என்று கணக்குக் காட்டட்டும். தன் கைப்பணத்தில் செலவழித்ததை மட்டும் விலகுகிறவரிடம் கேட்கட்டும். அந்தக் கணக்கை மானிய விண்ணப்பப் படிவத்திலேயே ஒரு பத்தியாகச் சேர்த்துக் கேட்டுவிட முடியும்.